ஆள்காட்டி விரலை ஒட்டாமல் மூடிவிட்டார்கள்: செய்தது சரிதானா?

பகுதி: உடல்நலம் › விபத்தும் சிகிச்சையும்

நொய்யல்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர்ல கணபதி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புல சூப்பர்வைசரா இருக்கேன். என் மச்சான், வீட்டுக்காரியோட தம்பி, வேற ஒரு கம்பெனியில பவர் பிரஸ் ஓட்டறான். இன்னும் கல்யாணம் ஆகாத பையன். போன மாசம் ஷீட்டை நகர்த்தறதுக்குள்ள பிரஸ் இறங்கி, வலது கை ஆள்காட்டி விரல் துண்டாயிருச்சு. அடிக்கணுவுக்கும் நடுக்கணுவுக்கும் இடையில. கூட இருந்த பசங்க விவரமானவங்க. விரலைத் தேடி எடுத்து, ஐஸோட ஒரு மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார், துண்டான விரலை மைக்ரோஸ்கோப்புல வச்சும் பார்த்தார். "முயற்சி பண்ணலாம், ஆனா நான் பண்ணச் சொல்ல மாட்டேன். மூடிட்டா சீக்கிரம் வேலைக்குப் போவான்"னாரு. மாமனார் கையெழுத்துப் போட்டார்.

இப்ப விசாரிக்க வர்ற சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரும், "முழுக் கையவே ஒட்டறாங்களாம், ஒத்த விரலை ஒட்ட முடியலையா?"ன்னு கேட்டுட்டு, காப்பியக் குடிச்சுட்டுப் போயிடறாங்க. அப்புறம் மாமியார் அழுகை நிக்கறதில்ல. அந்த டாக்டர் சொன்னது நியாயந்தானுங்களா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரிசல்மண்

நியாயமே இல்லீங்க. எங்க சித்தப்பா மகன் சிவகாசியில பேப்பர் கட்டிங் மிஷின்ல கட்டைவிரலைக் கொடுத்துட்டான். மதுரைக்குக் கொண்டு போனோம், ஒட்டிட்டாங்க. இன்னைக்கு அதே கையில பேனா பிடிக்கான், பைக் ஓட்டுதான். ராத்திரி பூரா நின்னு தைக்கணுமேன்னு உங்க டாக்டர் சோம்பல் பட்டிருப்பார். இல்ல, இவங்க எங்க பணம் கட்டப் போறாங்கன்னு நினைச்சிருப்பார். வேற என்ன காரணம் இருக்க முடியும்?

பிசியோ மலர்

கை அறுவை சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஒட்டிய விரல்கள் எல்லாம் கடைசியில் எங்களிடம்தான் வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கரிசல்மண் அண்ணா, உங்கள் தம்பிக்குப் போனது கட்டைவிரல். கட்டைவிரல் துண்டானால் எந்தச் சர்ஜனும் ஒட்டத்தான் பார்ப்பார். கையின் மொத்த வேலையில் ஏறக்குறைய 40 சதவீதம் அதனுடையது என்பது பாடப்புத்தகக் கணக்கு. அது சரியாக மடங்காவிட்டாலும் மற்ற விரல்கள் வந்து அழுத்துவதற்கு ஒரு தூணாக நின்றால் போதும். அதோடு பேப்பர் கட்டிங் பிளேடு சீவியது போல வெட்டும். பவர் பிரஸ் வெட்டுவதில்லை, நசுக்கிப் பிய்க்கும்.

நொய்யல்கரையான் அண்ணா சொல்லும் இடம்தான் விரலிலேயே மோசமான இடம். விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களும் அங்கே இறுக்கமான ஒரே உறைக்குள் ஓடுகின்றன. தைத்த பிறகு ஆறும்போது இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, உறையோடும் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் ஓடும், விரல் உயிரோடு இருக்கும், ஆனால் மடங்காது. 1985-ல் அமெரிக்காவில் கை சர்ஜன் அர்பேனியாக்கின் குழுவினர் ஒற்றை விரல் மட்டும் ஒட்டப்பட்ட 59 பேரைப் பற்றி எழுதினார்கள். மேல்தசைநாண் எலும்பில் பதியும் இடத்துக்கு அந்தப் பக்கம், அதாவது நுனியை ஒட்டித் துண்டானவர்களுக்கு நடுக்கணு சராசரி 82 டிகிரி மடங்கியது. அதற்கு இந்தப் பக்கம், உங்கள் மச்சானுக்கு ஆன இடத்தில் துண்டானவர்களுக்கு 35 டிகிரி. டாக்டர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு இதுதான்.

ஆள்காட்டி விரலுக்கு இன்னொரு குணம் உண்டு. அது விறைத்துப்போனால் மூளை அதைக் கைவிட்டுவிடும். ஸ்பேனர் எடுப்பது, பட்டன் போடுவது எல்லாம் தானாகவே நடுவிரலுக்கு மாறிவிடும். விறைத்த விரல் நீட்டிக்கொண்டு நிற்கும், சட்டைப் பைக்குள் கை விட்டால் மாட்டும். ஒட்டிய விரலை "எடுத்துவிடுங்கள் அம்மா" என்று திரும்பி வந்து கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நொய்யல்கரையான்

நன்றிங்க மலர். இப்ப ஒண்ணு ஞாபகம் வருது. டாக்டர் விரலைத் திருப்பி, ரெண்டு பக்கவாட்டுலயும் அடியில இருந்து நுனி வரைக்கும் சிவப்பா ஓடுன கோட்டை எங்க மாமனாருக்குக் காட்டினார். "இதான் பிரச்சனை"ன்னு மட்டும் சொன்னார். எங்களுக்கு ஒண்ணும் புரியல. அது என்னதுங்க?

இரவுப்பணி (அரசு மருத்துவமனை, பிளாஸ்டிக் சர்ஜரி பயிற்சி மருத்துவர்)

அந்தச் சிவப்புக் கோடுதான் உங்கள் கேள்விக்கான பதில். விரலின் இரண்டு பக்கமும் ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்து ஓடுகின்றன. விரல் இழுபட்டுப் பிய்ந்திருந்தால் அந்தக் குழாய் நெடுக உள்ளுக்குள் கிழிந்து, ரத்தம் கசிந்து தோலுக்கடியில் கோடாகத் தெரியும். வெட்டு வாயில் மட்டும் சேதம் என்றால் கொஞ்சம் நறுக்கிவிட்டுத் தைக்கலாம். நெடுகச் சேதம் என்றால் எதை எதோடு தைப்பது? மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது தமனி சுருள்சுருளாக முறுக்கிக் கிடக்கும், அதுவும் இதே கெட்ட சேதியைத்தான் சொல்லும். காலிலிருந்தோ முன்கையிலிருந்தோ ஒரு சிரைத் துண்டை எடுத்து நடுவில் வைத்துத் தைக்கலாம்தான். கட்டைவிரல் என்றால் அதையும் செய்து பார்ப்போம்.

சோம்பல் என்று சொன்ன நண்பருக்கு: விரல் தமனியின் அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதைத் தைக்கும் 10-0 நைலான் இழை தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. கையுறை விரலில் ஒட்டிக்கொண்டால் வெறுங்கண்ணுக்கு அகப்படாது. முதலில் எலும்பைச் சற்றுக் குட்டையாக்கிக் கம்பி வைப்போம். குட்டையாக்கினால்தான் குழாய்களை இழுக்காமல் சேர்க்க முடியும். பிறகு தசைநாண்கள், தமனி, நரம்பு, சிரை, கடைசியில் தோல். ரத்தத்தைத் தடுத்துப் பிடித்திருக்கும் கிளாம்ப்பை எடுத்ததும் மெழுகு நிறத்தில் கிடந்த விரல் அடியிலிருந்து ரோஸ் நிறமாகிக்கொண்டே வரும். அதைப் பார்க்க ராத்திரி முழுக்க நிற்கலாம். அதற்குச் சோம்பல்படுகிற சர்ஜன் இந்தத் துறைக்கே வந்திருக்க மாட்டார்.

கரிசல்மண்

சரி சார், சோம்பல்னு சொன்னது கூடுதல்தான், விடுங்க. ஆனா ஒண்ணு கேக்கேன். அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகல. விரல் இல்லாத மாப்பிள்ளைன்னா பொண்ணு வீட்டுல என்ன பேசுவாங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். விரல் மடங்காட்டி என்ன? இருக்குதுல்ல? டிகிரிக் கணக்குல இதெல்லாம் வருமா? கையெழுத்து வாங்குறதுக்கு முன்ன இதை யாராவது அந்தப் பையன்கிட்ட கேட்டாங்களா? மாமனார்தான கையெழுத்துப் போட்டிருக்கார்!

பிசியோ மலர்

இந்தக் கேள்வி சரியான கேள்வி. வயது வந்த ஆள், நினைவோடு இருக்கிறார் என்றால் அவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

தோற்றமும் ஒரு தேவைதான். ஜப்பானில் ஒற்றை விரலைக்கூட விடாமல் ஒட்டப் பார்ப்பதற்கு இது ஒரு காரணம். சுண்டுவிரல் குறைந்தவர் என்றால் யாகுசா கும்பலைச் சேர்ந்தவரோ என்ற சந்தேகம் அங்கே வரும். வீணை வாசிப்பவர், தவில் வாசிப்பவர் என்றாலும் கணக்கு மாறும். குழந்தைகள் என்றால் எந்த விரலானாலும், எந்த இடமானாலும் ஒட்டத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் சிவப்புக் கோடு ஓடிய விரலை ஆசைப்பட்டு ஒட்டி, அது கறுத்து, பிறகு எடுக்க நேர்ந்தால் அந்தப் பையனுக்கு இரண்டு முறை விரல் போனது போல ஆகும். இதைச் சொல்லிவிட்டு அவனையே முடிவெடுக்க விட்டிருந்தால் இன்று வீட்டில் இந்தப் பேச்சு வந்திருக்காது.

தேக்குமரம்

தச்சு வேலைங்க எனக்கு. சர்க்குலர் ரம்பத்துல வலது கை கட்டைவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூணும் போச்சு. மூணையும் ஒட்டினாங்க. மோதிரவிரல் நிக்கல, மத்த ரெண்டும் நின்னுச்சு. பல வருஷம் ஆச்சு.

ஒட்டினதோட முடிஞ்சதுன்னு யாரும் நினைக்காதீங்க. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும்னாங்க. அதுவரைக்கும் விரல் மரக்கட்டைதான், டீ கிளாஸ் சுட்டாக்கூடத் தெரியாது, கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். தசைநாணைப் பிரிச்சு விட இன்னொரு ஆபரேஷன். மார்கழிக் குளிர்ல நடுவிரல் நீலமாகிக் குடையும். பையில இருக்கிற காசு ஒரு ரூபாயா ரெண்டு ரூபாயான்னு தடவிச் சொல்ல முடியாது, எடுத்துப் பாக்கணும்.

ஆனா உளி பிடிக்கறேன். கட்டைவிரல் இல்லைன்னா அது நடக்காது. ஒத்த ஆள்காட்டி விரல்னா நான் மூடச் சொல்லிட்டு வேலைக்குப் போயிருப்பேன். அவ்வளவுதான்.

வார்டு அக்கா

தேக்குமரம் தம்பி சொன்னதோட வார்டுல நடக்கிறதையும் சேர்த்துக்குங்க. ஒட்டின விரலுக்கு முதல் சில நாள் மணிக்கொரு தரம் காவல். நிறம், சூடு, நகத்தை அழுத்தி விட்டா ரத்தம் திரும்பற வேகம். வெளுத்தா தமனி அடைச்சிருக்கு. ஊதா நிறமாகி உப்பினா உள்ள போன ரத்தம் வெளிய வர வழியில்ல, சிரை அடைச்சிருக்கு. சந்தேகம் வந்தா ஊசியால லேசாக் குத்திப் பாப்போம். கருப்பா வந்தா ஒரு அர்த்தம், வராமலே போனா இன்னொரு அர்த்தம், ரெண்டுக்குமே டாக்டரை எழுப்பணும்.

சிரை அடைச்ச விரலுக்கு நகத்தை எடுத்துட்டு, ரத்தம் உறையாத மருந்தைச் சொட்டுச் சொட்டா விட்டுக் கசிய வைப்பாங்க. சில இடத்துல அட்டை விடுவாங்க. சிரிக்காதீங்க, சித்த வைத்தியத்துல இருக்கிற அதே அட்டை விடறதுதான். 2004-ல அமெரிக்க அரசே அட்டையை மருத்துவக் கருவியா அனுமதிச்சுது. அதுக்காகக் குளத்துல பிடிச்சுட்டு வராதீங்க! அட்டையோட குடல்ல இருக்கிற கிருமி விரலைக் கெடுத்துரும், ஆன்டிபயாடிக் கொடுத்துக்கிட்டேதான் விடணும்.

ரூம்ல ஏசி கிடையாது. குளிர்ந்தா குழாய் சுருங்கும். காப்பி கிடையாது. பீடி, சிகரெட்டு வாசனையே கூடாது. நல்லா ரோஸ் நிறத்துல இருந்த விரல், பாத்ரூம்ல ஒளிஞ்சு குடிச்ச ஒரு பீடியால வெளுத்துப் போனதை என் கண்ணால பாத்திருக்கேன். பாக்க வர்ற மாமன் மச்சானே வாங்கிக் கொடுத்துட்டுப் போவாங்க.

பழைய பேப்பர்

இழை சூடாக இருப்பதால் கொஞ்சம் வரலாறு. முழுதும் துண்டான உறுப்பை முதலில் வெற்றியாக ஒட்டியது பாஸ்டனில், 1962 மே 23. சரக்கு ரயிலில் தொற்றி ஏறப்போன 12 வயதுப் பையனுக்குத் தோளுக்குக் கீழே வலது கையே போய்விட்டது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரொனால்ட் மால்ட் என்ற இளம் சர்ஜன் தலைமையில் ஒட்டினார்கள். அன்று எலும்பும் ரத்தக்குழாயும்தான் முக்கியம், நரம்புகளைச் சில மாதம் கழித்துத்தான் சேர்த்தார்கள். அடுத்த ஜனவரியில் ஷாங்காய் ஆறாவது மக்கள் மருத்துவமனையில் சென் சோங்வெய் குழு ஒரு தொழிலாளியின் மணிக்கட்டுக்கு மேலே துண்டான கையை ஒட்டியது.

கவனியுங்கள், தோளும் முன்கையும் முதலில், விரல் பிறகுதான். பெரிய குழாயை வெறுங்கண்ணால் தைக்கலாம். விரலுக்கு மைக்ரோஸ்கோப் வேண்டும். 1960-ல் ஜேக்கப்சன், சுவாரெஸ் இருவரும் அமெரிக்காவில் வெர்மான்ட்டில் சின்னக் குழாய்களை மைக்ரோஸ்கோப்பின் கீழ் தைத்துக் காட்டிய பிறகுதான் கதவு திறந்தது. 1965 ஜூலை 27-ல் ஜப்பானின் நாராவில் கொமாட்சு, தமாய் இருவரும் முழுதும் துண்டான கட்டைவிரலை ஒட்டினார்கள். ஆகவே "முழுக் கையவே ஒட்டறாங்க, விரலை ஒட்ட முடியலையா" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்குப் பதில்: கையை விட விரல்தான் கஷ்டம்.

நம் பக்கம் இந்தத் துறையில் சளைத்ததல்ல. ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே ஒரு பிரிவை வளர்த்தார். நுனி சாய்வாகப் போன விரலை மூடுவதற்கு அவர் 1980-ல் எழுதிய முக்கோணத் தோல் முறையை வெளிநாட்டிலும் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். நன்றாக மூடுவதும் ஒரு வித்தைதான். கோவையில் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசபாபதி ஒட்டு சிகிச்சையில் உலக அளவில் அறியப்பட்டவர். ஒர்க்‌ஷாப்பும் மில்லும் நிறைந்த ஊரில் அப்படி ஒரு பிரிவு வளர்ந்ததில் ஆச்சரியமில்லை.

வெட்டிப்பேச்சு வேலு

பொற்கைப் பாண்டியன் காலத்துல இந்த மைக்ரோஸ்கோப் இருந்திருந்தா ஆசாரிக்கு ஒரு ஆர்டர் குறைஞ்சிருக்கும்.

குறுவைக்காரன்

நான் தஞ்சாவூர் பக்கம். இங்க கதிரடிக்கிற மிஷின்ல முழங்கையோட போனவங்க உண்டு. விரலுக்கும் கைக்கும் நேரக் கெடு ஒண்ணுதானா? இன்னொன்னு, துண்டானதை எப்படிக் கொண்டு போகணும்? எங்க ஊர்ல ஐஸ் டப்பாவுல அப்படியே போட்டாங்க. காயத்துல காப்பித்தூளையும் வச்சு அமுக்கிட்டாங்க.

இரவுப்பணி

நேரக் கெடு ஒன்றல்ல. விரலில் தசை கிடையாது, அதனால் தாங்கும். குளிரில் வைக்காமல் 12 மணி நேரம், குளிரில் வைத்தால் 24 மணி நேரமும் அதற்கு மேலும். தைவானில் ஒருவருக்கு மூன்று விரல்களை ஒட்டியதை 1988-ல் எழுதினார்கள், கடைசி விரல் குளிரில் 94 மணி நேரம் இருந்தது. முன்கை, முழங்கை என்றால் தசை இருக்கிறது. குளிர் இல்லாமல் 6 மணி நேரம் தாண்டினால் தசை சாக ஆரம்பித்துவிடும். அதன் பிறகு ஒட்டினால் செத்த தசையிலிருந்து பொட்டாசியமும் மற்ற கழிவும் உடம்புக்குள் பாயும். இதயம் நிற்கலாம், சிறுநீரகம் கெடலாம். கையைக் காப்பாற்றப் போய் ஆளை விட்டுவிடக் கூடாது.

அதனால் கை துண்டானவரை ஊர் ஊராக அலைக்கழிக்காதீர்கள். 108-க்குச் சொல்லும்போதே துண்டாகிவிட்டது என்று சொல்லி, மைக்ரோசர்ஜரி உள்ள இடம் எது என்று கேளுங்கள். வாள், அரிவாள் வெட்டு என்றால் நம்பிக்கை அதிகம். 2020 ஏப்ரலில் பஞ்சாபின் பாட்டியாலாவில் ஊரடங்குப் பணியிலிருந்த போலீஸ்காரரின் கையை வாளால் வெட்டினார்களே, சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் ஏழரை மணி நேரத்தில் ஒட்டினார்கள். கதிரடிக்கும் மிஷின் முறுக்கிப் பிய்க்கும், அது வேறு.

கொண்டு போகும் முறை: துண்டை நல்ல தண்ணீரிலோ சலைனிலோ லேசாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். சலைனில் நனைத்துப் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீருக்குள் வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் சதை உறைந்து செத்துவிடும், தண்ணீரில் ஊறினாலும் கெடும். காப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். காயத்தின் மேல் சுத்தத் துணியை வைத்து அழுத்தி, கையைத் தூக்கிப் பிடியுங்கள். கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது, அழுத்தியும் ரத்தம் நிற்காமல் உயிருக்கே ஆபத்து என்கிறபோது மட்டும். தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அறுத்துவிடாதீர்கள், அந்தத் தோலுக்குள் ஒரு சிரை பிழைத்திருக்கலாம். துண்டு சிதைந்து கிடந்தாலும் எடுத்து வாருங்கள். அதன் தோல், எலும்பு, நரம்பு வேறு விரலுக்கு உதவும்.

சங்கத்து ஆள்

எல்லாரும் தையலைப் பத்தியே பேசறீங்க. பிரஸ் ஏன் இறங்குச்சு? நொய்யல்கரையான், அந்த மிஷின்ல ரெண்டு கை பட்டன் இருந்துச்சா, கால் பெடலா?

நொய்யல்கரையான்

ரெண்டு கை பட்டன்தானுங்க. ஆனா ஒண்ணை அழுத்தினபடியே டேப் ஒட்டி வச்சுருந்தாங்களாம். பீஸ் கணக்கு ஏறணும்ல.

சங்கத்து ஆள்

நினைச்சேன். ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினாத்தான் இறங்கும்னா டைங்கற அச்சுக்குள்ள விரல் இருக்கவே வழியில்ல. இதை எழுத்துல வைங்க. பையனுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) இருந்தா விபத்து அறிக்கை போச்சான்னு பாருங்க. இல்லைன்னா தொழிலாளர் இழப்பீட்டு அட்டவணைதான். 1923-ஆம் வருஷத்துச் சட்டத்துல இருந்தது, 2025 நவம்பர்ல இருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள்ள வந்துருச்சு. சம்பாதிக்கற திறன்ல எவ்வளவு போச்சுங்கற கணக்கு அது. கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டி முழுசாப் போனா 14, நடுவிரல் 12, மோதிரவிரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கையில நாலு விரலும் போனா 50.

ஒட்டினவங்களுக்கும் சொல்றேன். "விரல்தான் இருக்கே, எதுக்கு இழப்பீடு?"ன்னு முதலாளி கேப்பார். ஒரு உறுப்பு நிரந்தரமா முழுசாப் பயன்படாமப் போனா, அது போனதாவே கொள்ளணும்னு அதே அட்டவணைக்குக் கீழ குறிப்பு இருக்கு. மலர் மேடம் மாதிரி ஆளுங்க டிகிரி அளந்து கொடுக்கிற சீட்டை எல்லாம் பத்திரமா வைங்க.

கரிசல்மண்

டேப் ஒட்டினவனை விட்டுட்டு நான் டாக்டரைத் திட்டிட்டு இருந்திருக்கேன் பாருங்க. நொய்யல்கரையான், முதல்ல அந்தக் கம்பெனியைப் பிடிங்க.

நொய்யல்கரையான்

பிடிச்சுடலாமுங்க. எல்லாருக்கும் நன்றி. சிவப்புக் கோட்டு விஷயத்தை மாமியார்கிட்டயும், முக்கியமா மச்சான்கிட்டயும் உக்கார வச்சுச் சொன்னேன். அவன் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: விரல் மொட்டையான இடத்துல எது பட்டாலும் கரண்ட் அடிக்கற மாதிரி சுரீர்ங்குது, இது எப்பப் போகும், பைக் எப்ப எடுக்கலாம்னு. மலர், கொஞ்சம் சொல்லுங்க.

பிசியோ மலர்

வெட்டுப்பட்ட நரம்பு நுனி ஆறும்போது அப்படித்தான் இருக்கும். தொடாமல் பொத்திப் பொத்தி வைத்தால் கூடும். தையல் பிரித்துத் தோல் ஆறியிருந்தால் ஒரு பாத்திரத்தில் பஞ்சு, அப்புறம் துவாலை, அப்புறம் அரிசி, அப்புறம் பச்சைப்பயறு என்று படிப்படியாக அதற்குள் கையை விட்டு அளையச் சொல்லுங்கள், ஒரு நாளைக்குப் பல தடவை. மொட்டையின் மேல் விரலால் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சுரீர் நிற்காமல், மாதங்கள் ஆகியும் கூடிக்கொண்டே போனால் நரம்பில் முடிச்சு விழுந்திருக்கலாம், அப்போது சர்ஜனிடம் காட்ட வேண்டும்.

பைக்குக்கு: வலது கை முன் பிரேக். நடுவிரலும் மோதிரவிரலும் சேர்ந்து லிவரை முழுதாக இழுக்க முடிகிறதா என்று முதலில் வண்டியை நிறுத்தி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லிவர் எட்டவில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுத்துக் கிட்டத்தில் வைக்கச் சொல்லலாம். அடுத்த முறை கட்டு மாற்ற வரும்போது கை தெரபிக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.